எல்லாவற்றுக்கும் ஒரு சேர்மன்

எங்கள் சங்கத்தில் ஒருவருக்குக்கூடக் கெட்ட மனசு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பேசப்போகிற பேச்சைக் கேட்டுவிட்டு, பாவம், யாரோ நாலு அயோக்கியர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அயோக்கியர்களாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. வாய் நிறையத் திட்டிவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருப்பேன்.

சேவைச் சங்கம் அது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளைச் சின்னம், கூட்டம் தொடங்கும்போது அடிக்க ஒரு மணி, வருஷத்துக்கு ஒரு தலைவர். இந்த வருஷத் தலைவர் டைல்ஸ் கடைக்காரர். அவர் கடைக்கு மேல்மாடியில்தான் சங்கத்தின் ஆபீஸ். கீழே நாள் முழுக்கக் கல் அறுக்கிற சத்தம், மேலே நான். அங்கே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான். மற்ற எல்லோரும் சேவை செய்கிறவர்கள். கடிதம் தட்டுவது, ஹாலைக் கூட்டுவது, டீ சொல்வது, வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது எல்லாம் என் தலையில்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கத்தில் எந்த வேலையாக இருந்தாலும் அதற்கு ஒரு சேர்மன் உண்டு. பூவுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், மைக்குக்கு ஒருவர், கொடிக்கு ஒருவர். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒருமுறை மேடையில் கோணலாக நின்ற கொடியை நான் நிமிர்த்தி வைத்துவிட்டேன் என்று கொடி சேர்மன் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. நல்ல மனுஷர்தான். ரோஷக்காரர்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. அவள் மெத்தைக் கடையில் பஞ்சு அடைத்தவள். ஜன்னல் இல்லாத பின்னறையில், பறக்கிற பஞ்சுக்கு நடுவில், முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஊரில் பாதிப் பேரைச் சுகமாகத் தூங்க வைத்தாள். என்னைப் படிக்க வைத்ததும் அந்தப் பஞ்சுதான். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே, "உன்னையே இன்னும் கரையேத்தலை, இதுல எனக்கு வேற ஒரு தடியனா?" என்பாள். நானும் கரையேறவில்லை, அவளும் ஏறவில்லை. ரெண்டு பேரும் ஒரே வீட்டில் வாய்க்கு வாய் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம்.

உள்ளே போன பஞ்சு சும்மா இருக்குமா? முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் தலை வாரினால் மூச்சு வாங்கியது. கடைசியில் கட்டிலில் இருந்து பாத்ரூமுக்குப் போய் வருவது அவளுக்கு வெளியூர்ப் பயணம் மாதிரி ஆகிவிட்டது. நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். அதில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் மிச்சத்தைக் கடப்பாள். "ஜங்ஷன் வந்தாச்சு, டீ வாங்கிட்டு வா" என்பாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி. சிரித்தால் இருமல் வரும், இருமினால் உதடு நீலம் பூக்கும். ஆனாலும் சிரிக்காமல் இருக்க மாட்டாள். கழுதை.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நுரையீரல் இனிமேல் தேறாது. ஆனால் வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் ஒன்றை வைத்து, மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு இருந்தால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம். அறையில் இருக்கிற காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் அது. சிறிய பீரோ உயரம், வெள்ளை நிறம், கீழே சக்கரம், கரண்ட்டில் ஓடும். அதை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. வாடகைச் சிலிண்டர் வரும்போது அவளுக்கு மூச்சு வரும், அது தீர்ந்துவிட்டால் அடுத்தது வருகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள்.

இப்போது கேளுங்கள். அதே மிஷின், சுவரோரமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, சங்கத்தின் ஹால் முழுக்க அடுக்கியிருந்தது. பூகம்பத்தில் ஆஸ்பத்திரிகள் இடிந்துபோன ஒரு நாட்டுக்கு அனுப்புவதற்காக எங்கள் சங்கம் வாங்கி வைத்திருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் லேபிள் ஒட்டியவள் நான்தான். ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும்!

வெட்கத்தை விட்டுத் தலைவரிடம் கேட்டேன். அவருக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. சீக்கிரம் அழுகிற மனுஷர் அவர்.

"உன் அக்கான்னா எனக்கும் அக்கா மாதிரிதாம்மா. ஆனா இது இன்டர்நேஷனல் புராஜெக்ட். நம்ம பங்கு, அந்த ஊர்ச் சங்கத்தோட பங்கு, தலைமை ஆபீஸ் பங்கு, எல்லாம் சேர்த்து வாங்கினது. கடல் தாண்டினாத்தான் செல்லும். இங்கயே ஒண்ணை எடுத்துக் குடுத்தோம்னா மொத்தமும் ரத்தாயிடும்."

"இத்தனையில ஒண்ணே ஒண்ணு சார்."

"புரியுதும்மா. அங்க கூடாரத்துல கெடக்குற ஜனங்களையும் நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். அதுதான் என் கஷ்டமே. அங்கே இருப்பவர்களுக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும், அவர்களுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபத்தை யார் மேல் போடுவது என்றும் தெரியவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப என்னையும் ஒரு பெட்டியில வச்சு லேபிள் ஒட்டி அனுப்பிடுடி. அந்தப் பக்கம் போய் எறங்கினதும் மொத ஆளா எனக்குத்தான் குடுப்பாங்க" என்றாள்.

வழி கண்டுபிடித்தவர் பல் டாக்டர். அவர் போன வருஷத் தலைவர். பல் படிப்பைப் படித்ததே அந்த நாட்டில்தான், அந்தப் பாஷையும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அந்த ஊர்ச் சங்கத்தோடு எங்களுக்கு உறவு ஏற்பட்டதே அவரால்தான். அங்கே செயலாளராக இருந்தவர் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. பல் டாக்டர் அவருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, முகமெல்லாம் பல்லாக என்னிடம் வந்தார்.

"வேலை முடிஞ்சுதும்மா! அவங்களுக்கும் இதே ரூல்தான். அவங்க வாங்கின மிஷினை அவங்க ஜனங்களுக்கே குடுக்க முடியாது. வெளிநாட்டுக்குத்தான் அனுப்பணும். நாம அவங்களுக்கு அனுப்புறோம், அவங்க நமக்கு அனுப்புறாங்க. வர்ற லோடுல ஒண்ணு உங்க அக்காவுக்கு."

"அவங்க மிஷினை அவங்களே வச்சுக்கிட்டு, நம்ம மிஷினை நாமளே வச்சுக்கிட்டா என்ன சார்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்புறம் அதுல இன்டர்நேஷனல் எங்கம்மா இருக்கு?" என்றார்.

சரி, எப்படியோ வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். எங்கள் கப்பலும் அவர்கள் கப்பலும் நடுக்கடலில் எங்கேயோ எதிரும் புதிருமாகப் போயிருக்கும். ஒரே கம்பெனி மிஷின், ஒரே வெள்ளை. எது எங்கே போகிறது என்று அந்தக் கடலுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

கப்பல் வருகிறவரை அக்கா தாக்குப்பிடிக்க வேண்டுமே என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த மாதங்களில் அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். என்னைத் திட்டுவதற்கு மட்டும் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்வாள். ஒரு நாள் சோப்பு நழுவி விழுந்தது என்று பாத்ரூமில் அவள் அழுததைப் பார்த்தேன். குனிந்து எடுக்க மூச்சு இல்லை. எதற்கும் அழாதவள் அவள்.

மிஷின்கள் வந்து சேர்ந்தன. ஹாலில் இறக்கியதும் நான் அதில் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து லோடு இறக்கினவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஓடிப்போய்த் தலைவரிடம் கேட்டேன், "சார், ஒண்ணை இன்னிக்கே ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போயிடட்டுமா?"

அவர் பதறிவிட்டார். "ஐயையோ, அவசரப்படாதம்மா. டீச்சரம்மா கோஷ்டி நேர்ல வர்றாங்க. அவங்க கையால குடுக்கணும், நம்மாளு கையால வாங்கணும். கைக்குக் கைதான் நம்ம சங்கத்து வழக்கம். அதுக்கு முன்னாடி பெட்டியைப் பிரிச்சா அவங்களுக்கு என்ன மரியாதை?"

"அதுவரைக்கும் மூச்சு விடாம இருக்கச் சொல்லவா சார்?"

கேட்டுவிட்டேன். நாக்கு அப்படி. அவருக்கு முகம் சுருங்கிப்போனது. கோபத்தில் இல்லை, வருத்தத்தில். அன்று சாயங்காலமே பல் டாக்டர் தன் கிளினிக்கில் இருந்த சின்னச் சிலிண்டரைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். விழா முடிகிறவரை அதற்கு ஆக்சிஜன் நிரப்பித் தருவது தன் பொறுப்பு என்றார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். போகும்போது அவள் பல்லையும் பார்த்துவிட்டுப் போனார். இப்படிப்பட்டவர்களிடம் போய் எப்படிக் கத்துவது? நன்றி சொன்னேன். வாசல் வரை போய்க் கும்பிட்டேன்.

விழாவுக்கு மேடை அமைப்புச் சேர்மன் ஸ்டுடியோக்காரர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். எதைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் சட்டம் கட்டிப் பார்ப்பார். விழாவுக்கு முந்தின நாள் அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர், அவளையும் அப்படித்தான் பார்த்தார்.

"பிரமாதம்! இந்த முகம் போதும். தலைப்பு 'முதல் மூச்சு'. பின்னாடி லைட்டுல எழுத்து மின்னும். டீச்சரம்மா வந்து குழாயை மாட்டுவாங்க, அக்கா சிரிப்பாங்க, ஹாலே கண்ணீர் விடும். ஒரே ஒரு விஷயம். அந்தச் சிலிண்டர் மேடையில தெரியக் கூடாது. அதுல மூச்சு விட்டுக்கிட்டிருந்தா அப்புறம் இது எப்படி முதல் மூச்சாகும்?"

"சிலிண்டர் இல்லாம இவளால உக்கார முடியாது" என்றேன்.

"கொஞ்ச நேரம்தாம்மா. திரைக்குப் பின்னாடியே வச்சிருப்போம். மேடையில கூப்பிடுறப்ப கழட்டிட்டு வந்து உக்காருவாங்க. உடனே மிஷினை மாட்டிடுவாங்க."

"மிஷினைப் போட்டுப் பாக்கணும், பிளக் எங்க இருக்குன்னு..."

"அதெல்லாம் கமிட்டி பாத்துக்கும்மா. உனக்கு வேற வேலை குடுத்திருக்கோம்."

அக்கா கையை ஆட்டி என்னை அடக்கினாள். "விடுடி. இத்தனை நாளு விட்டதெல்லாம் மூச்சா? கொஞ்ச நேரம் சிரிச்சுட்டு மிஷினை வாங்கிட்டு வருவோம்." அவர் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "அங்க வந்து ஏதாவது வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். உன் வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் எதைத் திங்கிறது?"

விழா நாளில் அவள் இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். கட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நடுநடுவே சிலிண்டர், அப்புறம் ஒரு மடிப்பு, மறுபடி சிலிண்டர். பவுடர் போட்டுவிட்டேன். "உதட்டு நீலத்துக்கும் ஏதாவது பூசுடி, போட்டோவுல பேய் மாதிரி விழப்போறேன்" என்றாள்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை வாசலில். வருகிறவர்களுக்குப் பூங்கொத்து கொடுப்பது, அப்புறம் நினைவுப் பரிசுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே காத்திருப்பது. அக்காவைத் திரைக்குப் பின்னால் சிலிண்டரோடு உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

டீச்சரம்மா வந்தார். குள்ளமாக, வெள்ளைத் தலையோடு, சாதாரணச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். "இவங்கதான் தங்கச்சி" என்று பல் டாக்டர் அவர் பாஷையில் சொல்லியிருக்க வேண்டும். அந்தம்மா என்னை அப்படியே அணைத்துக்கொண்டார். அவர் மேல் சோப்பு வாசனை அடித்தது. நல்ல ஜீவன் என்று அப்போதே தோன்றியது.

மணி அடித்தார்கள். அக்காவை முதலிலேயே மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! குழாயைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்திலேயே மிஷின், மேலே சிவப்பு ரிப்பன். உடனே மாட்டுவார்கள் என்று பார்த்தால், கொடி சேர்மன் மைக்கைப் பிடித்து, "அனைவரும் எழுந்து நிற்கவும்" என்றார். அந்த நாட்டுத் தேசிய கீதம். அது முடிந்ததும் நம்முடையது. அப்புறம் சங்கத்தின் உறுதிமொழி. அக்காவும் நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். நீ உட்காருடி என்று நான் கீழேயிருந்து கை காட்டினேன். எல்லோரும் நிற்கும்போது அவள் எப்படி உட்காருவாள்? அவள் ரோஷம் எனக்குத் தெரியாதா?

அப்புறம் வரவேற்புரை. தலைவர் பேசினார், அழுதார். டீச்சரம்மா பேச, பல் டாக்டர் மொழிபெயர்த்தார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடைப்படியில் கால் வைத்தேன். நினைவுப் பரிசுச் சேர்மன் என் முழங்கையைப் பிடித்தார். "இப்ப இல்லம்மா, பரிசு கடைசியில." நான் அக்காவைக் காட்டினேன். "அடுத்தது அவங்கதான், இரு" என்று தட்டை மறுபடி என் கையில் கொடுத்தார். அவர் சொன்னதும் உண்மைதான். டீச்சரம்மா எழுந்து அக்காவிடம் போனார்.

ரிப்பனை வெட்டினார். குழாயை எடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல மெதுவாக அக்காவின் மூக்கில் குழாயை வைத்து, காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். அக்கா சிரித்தாள். ஸ்டுடியோக்காரர் சொன்ன மாதிரியே ஹால் முழுக்கக் கண்ணீர். கைதட்டல் ஓயவே இல்லை. பின்னால் 'முதல் மூச்சு' என்ற எழுத்து மின்னி மின்னி எரிந்தது.

அப்பாடா என்று எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அந்த மேடையில் இருந்த எல்லோருடைய காலிலும் விழுந்திருப்பேன்.

போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். தலைவரோடு ஒன்று, பல் டாக்டரோடு ஒன்று, ஒவ்வொரு சேர்மனும் வந்து பின்னால் நின்று ஒன்று. டீச்சரம்மா அக்காவின் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைத் தேடிப் பார்த்தாள். பார்த்து, மடியில் இருந்த இன்னொரு கையைக் கொஞ்சமாகத் தூக்கினாள். நல்லா இருக்குடி என்கிறாள் என்று நினைத்தேன். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு ஆட்டினேன்!

அப்புறம்தான் அவள் உதட்டைப் பார்த்தேன். நான் பூசிவிட்ட சாயத்துக்கு அடியிலிருந்து நீலம் தெரிந்தது. மிஷினைப் பார்த்தேன். அதன் ஒயர், கம்பெனியில் சுற்றிக் கட்டின பிளாஸ்டிக் முடிச்சோடு, அப்படியே சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பிளக்கின் மேல் மாட்டின உறையைக்கூட யாரும் கழற்றவில்லை. மேடையில் இருந்த ஒரே பாயிண்ட்டில் அந்த மின்னுகிற எழுத்து சொருகியிருந்தது.

தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. மேடையேறி அந்த எழுத்தின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். விளக்கு அணைந்ததும் ஹாலில் எல்லோரும் "ஆ" என்றார்கள். "ஏம்மா, ஏம்மா, பிரேம் போச்சு!" என்று ஸ்டுடியோக்காரர் கத்தினார். பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்துப் பிளக்கைச் சொருகினேன். மிஷின் உறுமியது. அப்போதுதான் அது உறுமவே ஆரம்பித்தது. கைதட்டலில் அதன் சத்தம் கேட்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

திரும்பிப் பார்த்தால் அக்கா டீச்சரம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். பாசத்தில் சாய்ந்திருக்கிறாள் என்று நினைத்து அந்தம்மா அவளைக் கட்டிக்கொண்டு, தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதையும் ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

சிலிண்டரைக் கொண்டுவந்தோம், அக்காவைக் காரில் போட்டோம், பல் டாக்டரே ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. வந்தவர்களைப் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்ததால் டீச்சரம்மாவிடம், அவங்களுக்குக் கொஞ்சம் களைப்பு, ஓய்வெடுக்கிறாங்க என்று சொல்லி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்கு விமானம்.

சாவுக்குச் சங்கமே வந்தது. பூ சேர்மன் மலர்வளையம் கொண்டுவந்தார். தலைவர் என்னைவிட அதிகமாக அழுதார். "கடைசியா முகத்துல என்ன ஒரு சந்தோஷம்!" என்று பல் டாக்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிளக்கைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் விடாமல் சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். மைக் சேர்மன், கரண்ட் பாயிண்ட் மேடைச் சேர்மனுடையது என்றார். மேடைச் சேர்மன், மிஷின் புராஜெக்ட் சேர்மனுடையது என்றார். புராஜெக்ட் சேர்மனுக்குத் தன் வேலை மிஷினைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு முடிந்தது. பொய் யாரும் சொல்லவில்லை. அந்தப் பிளக்குக்கு நிஜமாகவே சேர்மன் யாரும் இல்லை.

"நோய் முத்திப்போச்சும்மா. எப்படியும் ரொம்ப நாள் இருந்திருக்க மாட்டாங்க" என்றார் தலைவர். அதை என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அது எனக்குத் தெரிந்ததால்தான் அவர் முகத்தில் நான் எதையும் விட்டெறியவில்லை.

வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட்டுவிட்டு எங்கே போவது? மறுபடி அதே மாடி, அதே கல் அறுக்கிற சத்தம். ஒரு நாள் போனால் சுவரில் ஆளுயரத்துக்குப் போட்டோ மாட்டியிருந்தது. அந்த நாட்டு டீச்சரம்மா, குழாயோடு அக்கா, பின்னால் வரிசையாகச் சேர்மன்கள். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். தலைமை ஆபீஸிலிருந்து அந்த வருஷத்தின் சிறந்த புராஜெக்ட் என்று விருது வந்தது அந்தப் போட்டோவுக்குத்தான். வாரம் தவறாமல் அதற்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் சுருட்டிக் கிடக்கிற ஒயர் அதில் பளிச்சென்று தெரிகிறது. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

விருதுக்கு வாழ்த்துச் சொல்ல டீச்சரம்மா வீடியோவில் வந்தார். தலைவர், பல் டாக்டர், ஸ்டுடியோக்காரர் எல்லோரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்கள். அந்தம்மா நான் எங்கே என்று கேட்டார். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

"உங்க அக்கா எப்படி இருக்காங்கன்னு கேக்குறாங்க" என்றார் பல் டாக்டர். தலைவர் மேஜைக்கு அடியில் என் கையைத் தட்டினார். பக்குவமாகச் சொல்லு என்று அர்த்தம்.

இவர்கள் அந்தம்மாவிடம் இன்னும் சொல்லவே இல்லை! எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது.

"அவ செத்துட்டா. அன்னிக்கே செத்துட்டா. நீங்க குழாயை மாட்டினீங்க, இவங்க யாரும் பிளக்கைச் சொருகலை. இதை அப்படியே சொல்லுங்க சார்."

பல் டாக்டர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தப் பாஷையில் நீளமாக, இதமாக ஏதோ பேசினார். நான் அந்தம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு முத்தம் வைத்து என் பக்கம் ஊதினார்.

"என்ன சார் சொன்னீங்க?"

"வயசானவங்கம்மா. மனசு தாங்காது. நம்மளால அவங்களுக்கு ஒரு கஷ்டம் வரலாமா?" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

நான் எழுந்தேன். சுவரிலிருந்து அந்தப் போட்டோவைக் கழற்றினேன். கனமான சட்டம். தலைவர், "என்னம்மா, என்னம்மா" என்றார். லேப்டாப்புக்கு எதிரில் தூக்கிப் பிடித்து, அக்காவின் மூக்கில் இருந்த குழாயைத் தொட்டேன். குழாய் வழியாகவே விரலை இறக்கி மிஷினுக்கு வந்தேன். மிஷினிலிருந்து ஒயருக்கு வந்தேன். முடிச்சு. உறை மாட்டின பிளக். அங்கே விரலை வைத்துத் தட்டினேன். அப்புறம் கண்ணை மூடி, தலையைத் தோளில் சாய்த்துக் காட்டினேன்.

அந்தம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். வெகுநேரம் பார்த்தார். பல் டாக்டர் அவசர அவசரமாக ஏதோ சொன்னார், அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பின்னால் நகர்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவுக்குக் குழாய் மாட்டின கைகள். பிறகு அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல மடியில் மறைத்துக்கொண்டார்.

ஸ்டுடியோக்காரர் லேப்டாப்பை மூடினார். "ஏம்மா, பாவம், அந்தம்மா என்ன தப்பு பண்ணாங்க?" என்று கேட்டார் தலைவர்.

ஒரு தப்பும் பண்ணவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, எங்கேயோ இருக்கிற அவரைத்தான் நான் அடித்தேன். வலிக்கக்கூடியவர் அவர் ஒருத்தர்தான் இருந்தார்.